ஏரித் தண்ணீரை மொய்னாவிடம் கேட்டுப் பார்ப்போம்: வேலூர்ப் பக்கத்து ஏரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீர் அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் ஒரு பி.எச். மீட்டரை (ஏழு நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய், ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியம் 7.5க்கு மேல் காட்டிய அதே இடத்தில் மறுநாள் விடியற்காலையில் மீட்டர் 6க்குப் பக்கத்தில் நின்றது. மீட்டரில் கோளாறு இல்லை. வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது தண்ணீரின் பி.எச். ஏறும், ராத்திரி எல்லா உயிரும் மூச்சு விடும்போது இறங்கும். அதோடு ராத்திரியில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் யாராவது எதையாவது திறந்துவிட்டிருந்தால், அது காலையில் தெரிந்து மதியத்துக்குள் மறைந்தும் போகும். மீட்டர் சொல்வது நாம் நிற்கிற அந்த நிமிஷத்தை மட்டும்தான். அந்தத் தண்ணீரில் ஒரு உயிர் ஒரு நாள் இருந்து பிழைக்குமா என்பதை இன்னொரு உயிர்தான் சொல்ல முடியும்.

நான் காட்பாடியில் அலங்கார மீன் குஞ்சு வளர்க்கிறவன். குஞ்சுகளுக்குத் தீனியாக மொய்னா வளர்ப்பது தினசரி வேலை. கடுகில் பாதிகூட இல்லாத, தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் நீர்த்தெள்ளு அது. தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் மீனுக்கு முன்னால் மொய்னா விழுந்துவிடும். அதைப் பார்த்துப் பழகியதால்தான் ஏரித் தண்ணீரையும் இதனிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஆய்வுக்கூடங்களில் காலகாலமாக டாஃப்னியா என்ற இன்னொரு நீர்த்தெள்ளை வைத்து இதைத்தான் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமிலம் எங்கிருந்து வருகிறது

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சோதனை முடிவைத் தப்பாகப் படிப்போம். நம் பக்கம் தோல் தொழிற்சாலைகள் நிறைய. தோல் பதனிடும்போது முடி நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கடும் காரம், பி.எச். 12 பக்கம் இருக்கும். அப்புறம் பிக்கிள் என்று சொல்லும் கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து பி.எச். 3 வரை இறக்குவார்கள். தோலில் குரோமிய உப்பை ஏற்றுவது அதற்குப் பிறகு. எல்லாக் கழிவும் ஒன்றாகக் கலந்து பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுநிலைக்கு வந்துவிடும், உப்பு மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கெட்டுப்போன தண்ணீர் எல்லாமே அமிலத் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். ஒரு ஏரியோ குட்டையோ உண்மையிலேயே அமிலமாக இருந்தால், பிக்கிள் தண்ணீரோ குரோம் தண்ணீரோ முலாம் பூசும் பட்டறைத் தண்ணீரோ பழைய பேட்டரி அமிலமோ எதனோடும் கலக்காமல் தனியாக வந்து விழுகிறது என்று அர்த்தம். அதுவே ஒரு துப்பு.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துத் தண்ணீர் கடினத் தண்ணீர், பைகார்பனேட் நிறைய. கொஞ்சம் அமிலம் வந்தால் அதை விழுங்கிவிட்டு பி.எச். ஏழிலேயே நிற்கும், ஆனால் உள்ளே தாங்கும் சக்தி தினம் தினம் குறைந்துகொண்டிருக்கும். அலங்கார மீன் கடைகளில் விற்கும் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) சோதனைச் சொட்டு மருந்தை வைத்து இதை அளக்கலாம். வாரம் ஒருமுறை அளந்து, அது இறங்கிக்கொண்டே வந்தால் பி.எச். விழும் நாள் தூரத்தில் இல்லை.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமிலம் ஏறிய ஏரியில் மிதக்கும் பாசி செத்து அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். "முன்னே எல்லாம் பச்சையா இருக்கும், இப்ப சுத்தமாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அங்கே முதலில் போய்ப் பாருங்கள்.

இறங்குவதற்கு முன்

ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், கூட ஒரு ஆள். மஞ்சளாக இருக்கிற தண்ணீரைத் தொடவே கூடாது, ராணிப்பேட்டைப் பக்கம் அந்த மஞ்சள் ஆறாம் நிலைக் குரோமியமாக இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பிள்ளைகளை மொய்னா வளர்க்கும் வேலையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதிரி எடுக்கும் வேலையில் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று: கறுத்து முட்டை நாற்றம் அடிக்கும் தண்ணீரில் ஒருபோதும் அமிலம் சேர்க்காதீர்கள், ஒரு சொட்டுகூட. அதில் சல்பைடு இருக்கும், அமிலம் பட்டவுடன் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியே வரும். தோல் கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்கள் உயிரை விட்டதற்குக் காரணம் அந்த வாயுதான். இந்த வழிகாட்டியில் அமிலம் சேர்ப்பது ஒரே ஒரு இடத்தில் வரும், அதுவும் நல்ல தண்ணீரில் மட்டும்.

நம்ம ஊர் உயிர் ஏன், எந்த ஏரியிலிருந்து

பாடப்புத்தகச் சோதனைகள் டாஃப்னியா மேக்னா என்ற பெரிய நீர்த்தெள்ளை வைத்து, 20 டிகிரிப் பக்கம் குளிர்ந்த அறையில் நடத்தப்படுபவை. வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் அதை வைத்தால் தண்ணீரின் குற்றமா வெயிலின் குற்றமா என்று தெரியாமலே செத்துவிடும். மொய்னா மைக்ரூரா, செரியோடாஃப்னியா கார்னூட்டா இரண்டும் நம் குட்டைகளில் தாமாகவே இருப்பவை, இந்தச் சூட்டுக்கும் கடினத் தண்ணீருக்கும் பிறந்தவை. அவை சாகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஆனால் சோதிக்கப் போகும் ஏரியிலிருந்தே உயிரைப் பிடிக்கக் கூடாது. அங்கே மிஞ்சியிருப்பது பல தலைமுறையாகப் பழகித் தேறிய கூட்டம், அது தாங்குவதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டிவிடுவோம். டேனரி என்ற தோல் பதனிடும் ஆலை, பட்டறை எதுவும் இல்லாத வரத்துக்கால் உள்ள குட்டையாகப் பாருங்கள். அமிர்தி, ஒடுகத்தூர் என்று ஜவ்வாது மலையடிவாரம் பக்கம் போனால் அப்படிப்பட்டவை கிடைக்கும். அதே மாவட்டத்து வெயில், ஏறக்குறைய அதே மண், கழிவு மட்டும் இல்லை. நமக்கு வேண்டியது அதுதான். வரும்போது அந்தக் குட்டைத் தண்ணீரிலேயே 20 லிட்டர் கேன் இரண்டு நிரப்பிக்கொண்டு வாருங்கள், சோதனையில் ஏரித் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஒப்பீட்டுத் தண்ணீர்.

ஒப்பீட்டுத் தண்ணீரில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன், மறுநாள் காலை ஒப்பீட்டு டம்ளரில் ஒன்றுகூட இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மொய்னாவின் உடம்பிலிருக்கும் உப்பு வெளியே போய்விடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதுவும் ஆகாது. குட்டைத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு நாள் வைத்துப் பயன்படுத்துவதுதான் சரி.

பிடிப்பதும் வளர்ப்பதும்

விடியற்காலையில் போங்கள், நீர்த்தெள்ளு ராத்திரியில் மேலே ஏறி வெயில் ஏறியதும் கீழே போய்விடும். கொசுவலையின் துளை பெரிது. ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள் விற்கும் கடையில் நைலான் வலைத்துணி கிடைக்கும், அதைப் பை மாதிரி தைத்து ஒரு கம்பி வளையத்தில் மாட்டினால் அருமையான வலை. கரையோரம் செடி நிழலில் எட்டு போடுவது மாதிரி மெதுவாக இழுத்து, வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள்.

தட்டில் பல ஜாதி தெரியும். உருண்டையாக, தத்தித் தத்திப் போவது மொய்னா. வாலோரம் இரண்டு முட்டைப் பை தொங்க அம்பு மாதிரி பாய்வது சைக்ளாப்ஸ், இது மற்ற குஞ்சுகளைத் தின்னும், சொட்டுக்குழாயால் எடுத்து வெளியே விடுங்கள். அவரை விதை மாதிரி உருள்வது ஆஸ்ட்ரகாட், இப்போதைக்கு வேண்டாம். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். ஒற்றைச் செல் உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி நல்லது, 140 மடங்கு வரை பெரிதாக்கும், செல்போனையும் ஒட்டவைத்துப் படம் எடுக்கலாம்.

கோடைகாலத்தில் குட்டையே வறண்டு கிடந்தால்? அப்போதும் வழி உண்டு. தண்ணீர் வற்றப் போகிறது என்று தெரிந்ததும் நீர்த்தெள்ளு ஓடு கட்டிய உறங்கு முட்டைகளை மண்ணில் விட்டுப் போகும். நல்ல குட்டையின் ஆழமான இடத்தில் மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி, அகலமான தட்டில் பரப்பி, வடிகட்டிய தண்ணீரை ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். சில நாளில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் சாப்பிடப் போவதையே மறந்து உட்கார்ந்திருந்தேன்.

வளர்ப்புக்கு இரண்டு தொட்டி போதும், ஒன்று கெட்டால் இன்னொன்று. தீனி பச்சைத் தண்ணீர். குட்டைத் தண்ணீரைக் கேனில் ஊற்றி, நாலைந்து யூரியா குருணையும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். குளோரெல்லா, செனடெஸ்மஸ் மாதிரிப் பாசிகள்தான் அந்தப் பச்சை. தொட்டித் தண்ணீர் வெளிர் பச்சையாகத் தெரியுமளவுக்கு ஊற்றி, மொய்னா தின்று தெளிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். ஈஸ்ட் கரைத்தும் ஊற்றலாம், ஆனால் ஒரு சிட்டிகை கூடினால் தண்ணீர் புளித்து மொத்தமும் போய்விடும். தொட்டியைத் துணி கட்டி மூடி வையுங்கள், டெங்கு கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தச் சூட்டில் நாலைந்து நாளில் ஒரு குஞ்சு தாயாகிவிடும். நல்ல காலத்தில் ஆண் இல்லாமல் பெண்ணே பெண் குஞ்சுகளாகப் போட்டுக்கொண்டிருக்கும், தாயும் குஞ்சும் ஒரே வார்ப்பு. சோதனைக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இருபது குஞ்சும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். முதுகில் கறுத்த சேணம் மாதிரி முட்டை தெரிய ஆரம்பித்தால் கூட்டம் கஷ்டத்தில் இருக்கிறது, அந்த வாரம் சோதனை வேண்டாம். குறைந்தது மூன்று தலைமுறை நன்றாக ஓடிய பிறகு ஆரம்பியுங்கள்.

மாதிரி எடுப்பது

மூன்று இடம்: வரத்துக்கால் வாய், ஏரி நடு அல்லது மதகுப் பக்கம், உபரித் தண்ணீர் வெளியேறும் கோடி. விடியற்காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு சாண் ஆழத்தில் முக்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி அங்கேயே மூட வேண்டும். காற்று இருந்தால் கரியமில வாயு வெளியேறி வீடு வருவதற்குள் பி.எச். மாறிவிடும். பி.எச்., டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), வெப்பம் மூன்றையும் கரையிலேயே அளந்து எழுதுங்கள். மீட்டரை அன்று காலை 4.01, 6.86 கரைசல்களில் சரிபார்த்திருக்க வேண்டும். பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பதை மறக்கக் கூடாது, 6க்கும் 4க்கும் நடுவே இருப்பது நூறு மடங்கு.

ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்து, அன்றைக்கே அல்லது மறுநாளைக்குள் சோதனையைத் தொடங்குங்கள். உறைய விடக் கூடாது.

பத்து நிமிஷச் சோதனை

முழுச் சோதனைக்கு முன்னால் இது ஒரு முன்னோட்டம். வைக்கோலைத் துண்டாக்கிக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, இரண்டு நாள் கழித்து நல்ல குட்டைத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி வைத்தால், ஒரு வாரத்தில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் கூட்டமாக வரும். ஃபோல்ட்ஸ்கோப் சில்லில் பாரமீசியம் உள்ள சொட்டு ஒன்று, ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு, கலந்து பாருங்கள். பக்கத்திலேயே ஒப்பீட்டுத் தண்ணீர்ச் சொட்டு ஒன்றும் வேண்டும். கடும் அமிலமாக இருந்தால் சுழன்று நீந்துவது நின்று, உடம்பு உப்பி, சில நிமிஷத்தில் வெடிக்கும். அப்படி ஆனால் மொய்னா சோதனையில் கலப்பு அளவுகளை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

கூடவே ஏரித் தண்ணீரை நேரடியாகவும் ஒரு சொட்டு பாருங்கள். டயாட்டம் என்ற பாசி, ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கு, நீர்த்தெள்ளு எதுவும் இல்லாமல் யூக்ளீனா என்ற பச்சை ஒற்றைச் செல் உயிர் மட்டும் நெளிந்துகொண்டிருந்தால் யோசிக்க வேண்டும். யூக்ளீனா மியூட்டாபிலிஸ் பி.எச். 3 தண்ணீரிலும் வாழும். ஆனால் வேறு யூக்ளீனாக்கள் சாக்கடை கலந்த தண்ணீரிலும் பெருகும், ஆகவே இதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

மொய்னா சோதனை

முதல்நாள் மாலை முட்டை சுமக்கும் தாய்கள் ஐம்பது அறுபதைத் தனி ஜாடிக்கு மாற்றி, பச்சைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் தாய்களைச் சொட்டுக்குழாயால் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள். சோதனை இவற்றை வைத்துத்தான். வயதானவை கொஞ்சம் தாங்கும், கலந்து போட்டால் கணக்கு குழம்பும்.

டீக்கடைக் கண்ணாடி டம்ளர் 24 வேண்டும். சோப்பு போடாமல் கழுவி, ஒப்பீட்டுத் தண்ணீரில் அலசியது. ஏரித் தண்ணீர் நூறு சதவீதம், அதில் பாதிக்குப் பாதி ஒப்பீட்டுத் தண்ணீர் கலந்தால் 50, அதையும் பாதியாக்கினால் 25, பிறகு 12.5, பிறகு 6.25, கடைசியாக வெறும் ஒப்பீட்டுத் தண்ணீர். ஆறு அளவு, ஒவ்வொன்றுக்கும் நாலு டம்ளர், டம்ளருக்கு 50 மி.லி. தண்ணீர், ஐந்து குஞ்சு. ஆக ஒவ்வொரு அளவுக்கும் இருபது உயிர். எல்லா டம்ளரும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு குஞ்சை விடுங்கள். சொட்டுக்குழாய் முனையைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். மேலிருந்து சொட்டவிட்டால் ஓட்டுக்குள் காற்று புகுந்து குஞ்சு மேலேயே மிதந்து, அதனாலேயே செத்துப்போகும்.

தீனி போடக் கூடாது. நேரடி வெயில் படாத இடம், மேலே ஒரு காகிதம். ஒவ்வொரு டம்ளருக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். எழுதுங்கள், இந்த வேலை சலிப்பாக இருக்கும், ஆனால் பிறகு எல்லாவற்றுக்கும் விடை இதில்தான் இருக்கும்.

24 மணி நேரம் கழித்து டம்ளரை லேசாகச் சுழற்றி, 15 விநாடி பாருங்கள். அதற்குள் நீந்தாதது விழுந்த கணக்கு, கொம்பு மட்டும் ஆடினாலும் அப்படித்தான். 48 மணி நேரம் வரை வைத்துப் பார்க்கலாம், ஆனால் நம் சூட்டில் பட்டினியும் சேர்ந்துகொள்ளும், அதனால் நான் 24 மணிக் கணக்கைத்தான் நம்புகிறேன். ஒப்பீட்டு டம்ளர்களில் இருபதில் இரண்டுக்கு மேல் விழுந்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும் கீழே ஊற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

கணக்கு சுலபம். உதாரணத்துக்கு 25 சதவீதத்தில் இருபதில் ஏழும், 50 சதவீதத்தில் பதினாலும் விழுந்தது என்று வையுங்கள். பாதி விழும் அளவு அந்த இரண்டுக்கும் நடுவே, 34 சதவீதப் பக்கம் வரும். நூறை அதால் வகுத்தால் மூன்று. அந்தத் தண்ணீரோடு இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் சேர்த்து மூன்று மடங்காக்கினால்தான் பாதி உயிராவது பிழைக்கும் என்று பொருள். இந்த மூன்று என்ற எண்ணை மாதாமாதம் குறித்து வந்தால் ஏரி தேறுகிறதா மோசமாகிறதா என்று யாருக்கும் புரியும்படி காட்டலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அமிலம் மட்டும்தான் காரணம் என்றால், நம் கடினத் தண்ணீர் பாதி சேர்ந்ததுமே அமிலம் அடங்கிவிடும். நூறில் எல்லாம் சாகும், ஐம்பதில் எல்லாம் துள்ளும். படிப்படியாக இறங்கினால் வேறு ஏதோ இருக்கிறது.

கொன்றது எது

இதைச் செய்யாமல் விட்டால் முன்னால் செய்ததற்குப் பாதி மதிப்புதான். நூறு சதவீத ஏரித் தண்ணீரில் உயிர் விழுந்திருந்தால், இன்னும் மூன்று வரிசை வையுங்கள், ஒவ்வொன்றிலும் இருபது குஞ்சு.

முதல் வரிசை, நல்ல தண்ணீரில் ஏரியின் அமிலம் மட்டும். கல்லூரி வேதியியல் கூடத்தில் யாரையாவது தெரிந்தால் 0.1 நார்மல் கந்தக அமிலம் வாங்கி, ஒப்பீட்டுத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு ஏரியின் பி.எச். அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிக்கிளில் போடுவதும் அதே அமிலம்தான். ராத்திரி முழுக்கக் காற்று ஊதவிட்டு, ஏறியிருந்தால் மறுபடி சரிசெய்யுங்கள். எலுமிச்சையும் வினிகரும் உதவாது, பாக்டீரியா அதைத் தின்று தண்ணீரையே மாற்றிவிடும்.

இரண்டாவது வரிசையில் ஏரியின் உப்பு மட்டும். ஏரியின் டி.டி.எஸ். எவ்வளவோ அதுவரை கல்லுப்பு சேருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் ஏறும்.

மூன்றாவது, ஏரித் தண்ணீரிலிருந்து அமிலத்தை எடுத்தது. ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பி.எச். 7க்கும் 7.5க்கும் நடுவே நிறுத்தி, ராத்திரி தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடிதாளில் வடிகட்டுங்கள். 8க்கு மேல் போகக் கூடாது. தோல் கழிவில் அம்மோனியா இருக்கும், காரம் ஏற ஏற அதன் நஞ்சும் ஏறும்.

இப்போது படிப்போம். முதல் வரிசையிலும் செத்து, மூன்றாவதில் பிழைத்தால் அமிலமே போதிய காரணம். நீர்த்தெள்ளின் உடம்பிலிருந்து அமிலம் சோடியத்தை வெளியே தள்ளிவிடும், பி.எச். 5க்குக் கீழே பெரும்பாலானவற்றால் அதை ஈடுகட்ட முடியாது. முதல் வரிசையில் பிழைத்து, ஏரித் தண்ணீரில் செத்து, மூன்றாவதில் மறுபடி பிழைத்தால் உலோகத்தைச் சந்தேகப்படுங்கள். டேனரியில் பயன்படுத்தும் மூன்றாம் நிலைக் குரோமியம் அமிலத்தில் கரைந்திருக்கும், அமிலம் போனதும் சாம்பல் பச்சையாக அடியில் படியும். அந்தப் படிவைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள், ஆய்வுக்கூடத்தில் காட்டலாம். இரண்டாவது வரிசையிலும் செத்தால் உப்பே குற்றவாளி. உப்பு வரிசை பிழைத்து, அமிலம் நீக்கிய பிறகும் செத்துக்கொண்டே இருந்தால் அம்மோனியா, சல்பைடு அல்லது ஆறாம் நிலைக் குரோமியம். இந்தக் கடைசி ஒன்று நடுநிலைத் தண்ணீரிலும் கரைந்தே இருக்கும், சோடா போட்டாலும் படியாது. டைஃபினைல் கார்பசைடு சோதனை செய்யச் சொல்லி ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள், இருந்தால் செவ்வூதா நிறம் காட்டும்.

உலகம் முழுக்க டாஃப்னியா வளர்ப்பு நல்ல நிலையில் இருக்கிறதா என்று சரிபார்க்கப் போடும் நஞ்சு பொட்டாசியம் டைக்குரோமேட். அதிலிருப்பதும் ஆறாம் நிலைக் குரோமியம்தான். ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம் கணக்கில் பூட்டி வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக் கழிவு ராணிப்பேட்டையில் திறந்த வெளியில் மலையாகக் குவிந்து கிடந்த வரலாறு நமக்கு உண்டு. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது. வீட்டில் அந்த நஞ்சைத் தொடவே வேண்டாம். வளர்ப்பைச் சரிபார்க்கக் கல்லுப்பே போதும், மாதம் ஒருமுறை எத்தனை கிராமில் பாதி விழுகிறது என்று பார்த்துக் குறித்து வாருங்கள். அந்த அளவு திடீரென்று மாறினால் வளர்ப்பில் ஏதோ கோளாறு.

பாசிச் சோதனை, சுருக்கமாக

ஒரே மாதிரி தெளிந்த பாட்டில்களில் ஒன்பது பங்கு மாதிரித் தண்ணீர், ஒரு பங்கு பச்சைத் தண்ணீர், நிழலான வெளிச்சத்தில் நாலு நாள். தினம் ஒரே நேரத்தில் வெள்ளைக் காகிதத்தின் முன்னால் படம் எடுத்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஏரித் தண்ணீரில் வெளுத்தால் பாசிக்கும் ஆகாத தண்ணீர். ஆனால் சாக்கடை உரம் கலந்திருந்தால் ஒப்பீட்டைவிடப் பச்சையாகவும் ஆகலாம், அதைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது.

சோதனை முடிந்த உயிர்களையோ தண்ணீரையோ எந்த ஏரியிலும் கொட்டாதீர்கள். அமிலத் தண்ணீரைச் சோடா போட்டு அடக்கி, குரோமியம் சந்தேகம் இருந்தால் படிவோடு மூடிய கேனில் வைத்து ஆய்வுக்கூடத்திடம் ஒப்படையுங்கள்.

கையில் முடிவு இருக்கிறது, அப்புறம்?

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், நாம் வீட்டில் செய்த சோதனை நீதிமன்றத்தில் சாட்சி ஆகாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் மாதிரியை யார் எப்படி எடுக்க வேண்டும் என்று முறை இருக்கிறது, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அப்படி எடுத்தால்தான் செல்லும். நம் வேலை, அவர்கள் வந்து எடுத்தே ஆக வேண்டும் என்ற கேள்வியை எழுப்புவது. எந்த இடம், எந்த நேரம் என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தால் அந்தக் கேள்விக்கு எடை கூடும். "வரத்துக்கால் வாயில் விடியற்காலையில் மட்டும் மொய்னா விழுகிறது" என்ற ஒரு வரி, "ஏரி நாறுகிறது" என்ற பத்து மனுவுக்குச் சமம்.

மனுவில் இரண்டு விஷயத்தைச் சேருங்கள். கழிவுநீரை உயிரை வைத்துச் சோதிப்பது நம் கண்டுபிடிப்பு அல்ல, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலேயே உண்டு: வெளியேற்றும் கழிவுநீரில், எதுவும் கலக்காமல், 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது, நம் மாவட்டத்துக்கே சொந்தமான தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும், தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் சொன்னது. பாலாற்றுக் கரையில் தோல் கழிவால் கெட்ட கிணறும் நிலமும்தான் அந்த வழக்கு. அந்தத் தீர்ப்பின்படி விஷம் எது என்று கடைசி மில்லிகிராம் வரை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வுக் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு நகல். மூன்று மாதப் பதிவேடு, படங்கள், பி.எச். எண்கள், ஒப்பீட்டு டம்ளர்க் கணக்கு எல்லாம் இணைப்பாக. ஒப்பீட்டில் ஒரு குஞ்சு செத்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள், மற்ற எண்களை நம்பவைப்பதே அந்த வரிதான்.

அப்புறம், மனு கொடுத்துவிட்டு வரும் வாரத்தில் இதையும் செய்து பாருங்கள். சோதித்த அந்தக் கெட்டுப்போன ஏரியின் கரையோரம், கோடையில் தண்ணீர் பின்வாங்கிக் காய்ந்த இடத்திலிருந்து கையுறையோடு ஒரு கைப்பிடி மண் எடுத்து வாருங்கள். இரண்டு தட்டில் பரப்பி, ஒன்றில் அதே ஏரித் தண்ணீர், இன்னொன்றில் நல்ல குட்டைத் தண்ணீர். நல்ல தண்ணீர்த் தட்டின் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், மண்ணிலிருக்கும் உப்பு கொஞ்சம் கழுவிப் போகட்டும். இரண்டு வாரம் பொறுங்கள். நான் செய்து பார்த்தபோது ஏரித் தண்ணீர்த் தட்டு கடைசிவரை வெறுமையாகத்தான் இருந்தது. இன்னொரு தட்டில் ஒன்பதாம் நாள் காலை மூன்று மொய்னா துள்ளிக்கொண்டிருந்தன. அந்த ஏரியிலேயே முன்னொரு காலத்தில் இட்ட முட்டைகள் அவை. அவற்றின் வாரிசுகள் இப்போது என் மூன்றாவது தொட்டியில் இருக்கின்றன, தொட்டியின் மேல் அந்த ஏரியின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.